பாவாடை நாடாவைக் கொஞ்சம் தளர்த்துங்களேன்!

"டாக்டர், இவ லெக்கிங்ஸை விடவே மாட்டேங்கிறா. அதான் தொடையெல்லாம் படர்தாமரை. நீங்களாவது சொல்லுங்க!"

மகளை இழுத்துக்கொண்டு வரும் அம்மாக்களின் பல்லவி இது. மகளுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவேன். நம் ஊர் வெயிலில், உடம்போடு ஒட்டிய செயற்கை இழைத் துணிக்குள் வியர்வை காயாது. ஈரம் தங்கினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். வீட்டுக்கு வந்ததும் மாற்று, பருத்தியாகப் போடு, கடையில் கேட்டு வாங்குகிற ஸ்டீராய்டு களிம்பைத் தொடாதே. அவ்வளவுதான்.

அடுத்து அம்மா பக்கம் திரும்புவேன். "உங்க இடுப்பைக் காட்டுங்கம்மா." அங்கே நாடா பதிந்து கறுத்த வளையம், தடித்த தோல். சிலருக்குச் சொறிந்து சொறிந்து புண்ணே இருக்கும். "இது எல்லாருக்கும் இருக்கிறதுதானே டாக்டர்?" என்பார்கள். நானும் புடவை கட்டுகிறவள்தான். எனக்கும் இருந்தது.

கண்டாங்கி போய் 1970-களில் நைலக்ஸ் வந்தது, பிறகு பாலியெஸ்டர், நைட்டி, சுடிதார். ஜாக்கெட் கை ஏறி இறங்கி, பஃப் வைத்து, இல்லாமலும் போனது. நாடா மட்டும் அதே நாடா! துணி வழவழப்பாக ஆக ஆக, கொசுவம் நழுவாமல் இருக்க அதை இன்னும் இறுக்கினோம். மகளின் உடையைக் குறை சொல்கிற நாம், நம் உடையைப் 'பண்பாடு' என்று சொல்லிப் பார்க்காமலே விட்டுவிடுகிறோம்.

2024-ல் வார்தா, மதுபானி மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இரண்டு பெண்களைப் பற்றி எழுதியிருந்தார்கள். இருவருக்கும் இடுப்பில் ஆறாத புண். ஒருவருக்கு வயது 70. 18 மாதப் புண். சோதித்தால் தோல் புற்றுநோய். இன்னொருவர் உள்பாவாடையே கட்டாதவர். புடவையையே இடுப்பில் இறுக்கி முடிபவர். ஆகவே 'அந்தக் காலத்துக் கட்டுதான் நல்லது' என்றும் சொல்வதற்கில்லை. (ஆண்கள் சிரிக்க வேண்டாம். வேட்டிக் கட்டால் வரும் இதே புற்றுநோயை டாக்டர் கானோல்கர் 1945-லேயே எழுதிவிட்டார்.)

அபூர்வமான நோய்தான். பயந்து புடவையை மூட்டை கட்ட வேண்டாம். தையற்காரரிடம் சொல்லி நாடாவுக்குப் பதில் 2 அங்குல அகலத்தில் பட்டி வைத்துத் தையுங்கள். தினமும் ஒரே இடத்தில் கட்டாமல் கொஞ்சம் ஏற்றி இறக்கிக் கட்டுங்கள். வீட்டில் இருக்கும்போது தளர்த்திவிடுங்கள். குளித்ததும் இடுப்பைத் துடைத்து, ஈரம் காய்ந்த பிறகு உடுத்துங்கள்.

சாதாரணப் புண்ணுக்குக் குங்கிலிய வெண்ணெய் தருகிறவள்தான் நான். ஆனால் ஒரு மாதமாகியும் ஆறாத புண்ணோடு யாராவது வந்தால், சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கச் சொல்லிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவேன். வெண்ணெயெல்லாம் அப்புறம்.