மாலுமி இல்லாத கப்பலுக்கு யார் ஜவாப்தாரி?

1898-ம் வருஷத்தில் நியூயார்க் பட்டணத்துப் பொருட்காட்சி ஒன்றில் நிக்கோலா டெஸ்லா என்பவர் ஒரு தொட்டித் தண்ணீரில் சிறு இரும்புப் படகை விட்டு, கம்பி ஏதுமில்லாமல் அதைத் திருப்பியும் நிறுத்தியும் காட்டினார். பார்த்தவர்களில் சிலர் மந்திரம் என்றார்களாம். சிலர் உள்ளே பழக்கின குரங்கு ஒளிந்திருக்கிறது என்றார்களாம். குரங்கைத் தேடினவர்களைப் பரிகசிக்க நமக்கு மனம் வரவில்லை. அவர்கள் காரணத்தையல்லவா தேடினார்கள்!

நிற்க, இன்று நார்வே தேசத்தில் ‘யாரா பிர்க்கலாண்ட்’ என்று ஒரு கப்பல் இருக்கிறது. 120 சரக்குப் பெட்டிகள் ஏற்றக்கூடியது, மின்சாரத்திலேயே ஓடுவது. உர ஆலைச் சரக்கைப் பக்கத்துத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக, ஆளில்லாமல் ஓட்டும் உத்தேசத்தோடு கட்டப்பட்டு, 2022-ல் ஆட்களோடேயே வேலைக்கு வந்தது. இப்படிப்பட்டவற்றைத் தானே ஓடும் கப்பல் என்கிறார்கள். தானே ஓடுவதாவது! ராடாரும் காமிராவும் கண்; கணக்கு யந்திரம் மூளை; கரையிலே திரைக்கு முன் உட்கார்ந்து மேற்பார்வை பார்க்க மனிதன். இரண்டுக்கும் நடுவே ரேடியோ அலைதான் கயிறு.

நடுக்கடலில் இந்தக் கயிறு 36,000 கிலோமீட்டர் உயரத்துச் செயற்கைக்கோளைத் தொட்டு வருமானால், படம் வந்து உத்தரவு போய்ச் சேர அரை வினாடி பிடிக்கும். அது பெரிதல்ல. கயிறு அறுந்தால் என்ன? அதைவிட, கயிறு பொய் சொன்னால் என்ன? 2017 ஜூனில் கருங்கடலில் இருந்த இருபதுக்கு மேற்பட்ட கப்பல்களின் கருவிகள், அவை தரையில் ஒரு விமான நிலையத்தில் இருப்பதாகக் காட்டின. போலி அலையின் வேலை என்றே நிபுணர்கள் கருதினார்கள். மாலுமிக்குக் கண் இருக்கிறது; எட்டிப் பார்த்தால் சுற்றிலும் தண்ணீர். ஆளில்லாத கப்பலில் எட்டிப் பார்ப்பது யார்?

கப்பல்கள் மோதாதிருக்க 1972-ல் செய்த சர்வதேச விதி, கண்ணாலும் காதாலும் எந்நேரமும் காவல் பார்க்க வேண்டும் என்கிறது. காமிராவில் பார்ப்பது கண்ணால் பார்ப்பதாகுமா என்று வக்கீல்கள் வாதாடட்டும். நமது கேள்வி வேறு. அக்கப்பல் ஒரு மீன்படகை இடித்து நாலு பேர் மாண்டால் கூண்டில் ஏறுவது யார்? முதலாளி யந்திரம் செய்தவனைக் காட்டுவார். அவன் அலை விட்டுப்போயிற்று என்பான். கடைசியில் திரைக்கு முன் உட்கார்ந்திருந்த சம்பளக்காரன் தலையில் விழும். இல்லாவிட்டால், யந்திரம் எடுத்த முடிவு என்று ஒருவர் தலையிலும் விழாது. தலைவிதி என்று சொல்லிக் கைகழுவியதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நாம் யந்திரத்துக்கு விரோதியல்ல. புயலில் மனிதன் சாகாமல் யந்திரம் போகுமானால் தாராளமாகப் போகட்டும். ஆனால் கப்பல் துறையை விட்டுப் புறப்படுமுன், இந்த மணி முதல் இந்த மணி வரை இன்னார் ஜவாப்தாரி, அவர் ஒரே சமயத்தில் இத்தனை கப்பலுக்கு மேல் பார்க்கக்கூடாது, அலை அறுந்தால் கப்பல் இன்னது செய்யவேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கும்படி சர்வதேசக் கடல்சார் அமைப்பு விதி செய்யவேண்டும். முதல் கையெழுத்து முதலாளியுடையதாக இருக்கட்டும்.