புகையிரதத்துக்கா, வீதிக்கா?

அரசாங்கம் தன் பணத்தை முதலில் இடவேண்டியது புகையிரதப் பாதையிலா, மோட்டார் வீதியிலா? கண்டிச் சீமையில் இது இன்று வெறும் விவாத மேடைப் பொருள் அன்று. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல் மலைநாட்டில் இரண்டையும் ஒருங்கே சிதைத்தது. இடிந்தவற்றை எழுப்பும் பணமோ எல்லைக்குட்பட்டது.

கண்டிக்கு முதலில் வந்தது வீதியே. தேசாதிபதி எட்வேர்ட் பார்ன்ஸ் காலத்தில், 1820களில், கப்டன் டோசன் அதை அமைத்தார். அவர் நினைவுக் கோபுரம் கடுகண்ணாவையில் நிற்கிறது. ஆயினும் கோப்பிப் பயிர் பெருகியபோது மாட்டுவண்டிகளால் அச்சுமையைத் தாங்க இயலவில்லை. தனியார் கம்பனியொன்று முயன்று தோற்கவே, அரசாங்கமே பொறுப்பேற்று 1867இல் புகையிரதத்தைக் கண்டிக்குக் கொணர்ந்தது. பின்னர் கோப்பி நோயால் அழிந்தது, பாதை அழியவில்லை. அது தேயிலையைச் சுமந்தது. தோட்டத் தொழிலாளரையும் மாணவரையும் உத்தியோகத்தரையும் சுமந்தது. ஒரு பயிருக்காக இட்ட முதல் பல தலைமுறைக்குப் பயன்பட்டது.

“புகையிரதம் நட்டத்தில் ஓடுகிறதே” என்பார் உளர். உண்மைதான். ஆனால் வீதி இலாபத்தில் ஓடுகிறதா? மண்சரிவை அகற்றும் கூலி, எரிபொருளுக்காகக் கடல் கடந்து செல்லும் செல்வம், விபத்தில் உழைப்பாளியை இழந்த குடும்பத்தின் வறுமை ஆகிய இவையெல்லாம் வீதியின் நட்டமென எந்த ஏட்டிலும் பதியப்படுவதில்லை. ஒன்றன் செலவு கண்ணுக்குத் தெரிகிறது. மற்றதன் செலவு பல வீடுகளிற் சிதறி மறைகிறது. வேறுபாடு அவ்வளவே.

எனினும் எதிர்வாதத்திலும் நியாயம் உண்டு. தெல்தெனியாவுக்கும் ஹங்குராங்கெத்தைக்கும் தண்டவாளம் இல்லை. அங்குள்ள நோயாளி கண்டி ஆஸ்பத்திரிக்கு வருவதும், தோட்டக்காரரின் மரக்கறி சந்தையை அடைவதும் வீதியாலேயே. ஆகவே கிராம வீதியைப் பட்டினியிட்டுப் புகையிரதத்தை வளர்த்தல் தகாது. நாம் ஒப்பிட வேண்டியது அதிவேக நெடுஞ்சாலையையும் புகையிரதத்தையுமே. மத்திய அதிவேக நெடுஞ்சாலையில் மீரிகமை முதல் குருநாகல் வரையான பகுதி 2022இல் திறக்கப்பட்டது. அதனால் விரைவு கிட்டுகிறது. ஆனால் அங்கே கட்டணமும் உண்டு, வாகனமும் வேண்டும். பருவச்சீட்டுடன் பயணம் செய்யும் ஏழை மாணவனுக்குப் புகையிரதமே துணை.

முதலிற் கிராம வீதியும் பாலமும். அடுத்துப் புகையிரதப் பாதை. அதன்பின் அதிவேக நெடுஞ்சாலை. இதுவே நம் கருத்தில் முறையான வரிசை. ஏனெனில் கைவிடப்பட்ட தண்டவாளம் எளிதில் மீள்வதில்லை. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்குச் சென்ற சிறு பாதை லொறிகளின் போட்டியால் 1940களில் மூடப்பட்டது. இன்றுவரை அங்கு புகையிரதம் செல்லவில்லை.

இவ்வழக்கை வாதிக்கும் மாணவர்கள் எப்பக்கம் நின்றாலும் இரண்டின் செலவையும் முழுமையாக எழுதிப் பார்த்தபின் பேசுவார்களாக.