விடைபெற்ற ஜம்போவும் விட்டுப்போன வழக்கமும்

2024 ஏப்ரல் 22 அன்று ஏர் இந்தியாவின் போயிங் 747 விமானம் சிறகை அசைத்து மும்பையிலிருந்து விடைபெற்றது. அக்காட்சியைக் கைபேசியில் கண்ட எங்கள் தென்காசி மஹல்லாவின் முதியவர் ஒருவர், "நான் ஹஜ்ஜுக்குப் போன விமானம்" என்று கண்கலங்கினார்.

1971இல் ‘பேரரசர் அசோகர்’ என்னும் பெயருடன் வந்த முதல் ஜம்போ தொடங்கி, அரை நூற்றாண்டு அவை பறந்தன. இறுதி ஆண்டுகளில் ஹஜ் பயணம், தலைவர்களின் பயணம், 2020இல் வூஹானிலிருந்து இந்தியரை மீட்டது போன்ற சிறப்புப் பணிகளே அவற்றுக்குப் பெரும்பாலும் எஞ்சின.

கப்பல்வழி ஹஜ் 1995உடன் முடிவுற்றது. திரும்புவோமா என்பது உறுதியில்லாத அக்காலத்தில், ஹாஜிகள் வீடுவீடாகச் சென்று மன்னிப்புக் கேட்டனர், கடனைத் தீர்த்தனர், வஸிய்யத் எழுதினர். விமானம் பல நாள் பயணத்தைச் சில மணி நேரமாக்கியது. அது அல்லாஹ்வின் அருள். ஆனால் அச்சம் குறைந்தபோது ஆயத்தமும் குறைந்தது. இன்று விருந்து நடக்கிறது; வாழ்த்துப் பலகை எழுகிறது; குற்றாலத்தில் உறவினருடன் குளியலும் உண்டு. சகோதரிக்குரிய வாரிசுப் பங்கு மட்டும் கொடுக்கப்படாமலே கிடக்கிறது.

பயணப்பெட்டியின் எடையை நிறுக்கும் நாம், அடியார்களின் ஹக்கை நிறுத்துப் பார்ப்பதில்லை. ஹஜ் விண்ணப்பத்தில் கையொப்பமிடும் நாளிலேயே கடன்களையும் பங்குகளையும் எழுதித் தீர்ப்போம். அத்துணைப் பெரிய ஜம்போவுக்கே கடைசிப் பயணம் உண்டெனில், நமக்கு இல்லையா?