கட்டியக்காரனுக்கும் லீவு வேண்டும்

பங்குனி பிறந்தால் பெரம்பலூர், அரியலூர் பக்கம் கோயில் திருவிழாக்கள்தான். கூத்தில் கட்டியக்காரன் வந்தால்தான் தூங்கி வழிகிற சனம் எழுந்து உட்காரும். ராஜா வேஷக்காரருக்குப் பாட்டும் வசனமும் மனப்பாடம். இவருக்கு? டீக்கடையில் சாயங்காலம் காதில் விழுந்ததை ராத்திரி மேடையில் அந்த நிமிஷமே கேலியாக்க வேண்டும். விடிய விடிய கத்தல். மறுநாள் வேறு ஊர்.

குரல் கட்டினால் மிளகும் பனங்கற்கண்டும் போதும் என்று நினைக்கிறோம். இதமாக இருக்கும், சரி. ஆனால் ஓயாமல் கத்தினால் குரல்நாணில் காய்ப்பு மாதிரி முடிச்சு விழலாம். குரலுக்கு ஓய்வு, தண்ணீர், தூக்கம், இதெல்லாம் கட்டாயம். பீடி வேண்டவே வேண்டாம். மூன்று வாரமாகியும் கரகரப்பு போகவில்லையென்றால் காது-மூக்கு-தொண்டை டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

"சீசன்ல படுத்துக்கிட்டா கூலி போச்சே" என்பார் வீட்டம்மா. நியாயம்தான். குரலே போய்விட்டால் அடுத்த சீசனுக்கு யார் கூப்பிடுவார்கள்? தவிர, நாலு நாள் சும்மா இருந்தால்தான் நாலு பேர் பேச்சு காதில் விழும், புது ஜோக் பிறக்கும்.

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில்கூட வழக்கமாகத் திங்கள், வெள்ளிதான் திறக்கும். அம்மனுக்கே அப்படி! பக்கத்து வீட்டில் கட்டியக்காரர் இருந்தால், "மாமா, ஒரு ஜோக் சொல்லுங்க" என்று பிள்ளைகளை ஏவி எழுப்பாதீர்கள்.