பிடிஎஸ் சீட் எடுக்கலாமா? முதல்ல அந்தக் கல்லூரியோட ஓபியைப் போய்ப் பாருங்க

நீட் ரேங்க் லிஸ்ட் வந்ததும் வருஷா வருஷம் இன்பாக்ஸ்ல வர்ற கேள்வி இது. "சார், எம்பிபிஎஸ் கிடைக்காது போல. பிடிஎஸ் கிடைக்கும். எடுத்துடலாமா, இல்ல இன்னொரு வருஷம் ரிப்பீட் பண்ணலாமா?"

நான் பல் டாக்டர் இல்ல. எம்பிபிஎஸ் முடிச்சு அரசு மருத்துவமனையில வேலை பாக்குறேன். ஆனா பல் டாக்டர்களோட வேலையைப் பக்கத்துல இருந்து பாக்குறவன்ங்கிற முறையில கொஞ்சம் நீளமாவே பதில் சொல்றேன். பொறுமையா படிங்க.

அந்தக் கேள்வியிலயே ஒரு சிக்கல் இருக்கு. பிடிஎஸ்னா எம்பிபிஎஸ்ஸோட ஆறுதல் பரிசுன்னு நாம மனசுல பதிய வச்சிருக்கோம். ரெண்டுக்கும் ஒரே நீட், ஒரே நேரத்துல கவுன்சிலிங், ரெண்டு பேருக்கும் பேருக்கு முன்னாடி டாக்டர். அதனால அப்படித் தோணுது. ஒற்றுமை அட்மிஷனோட சரி. உள்ள போனா அது வேற தொழில்.

பிடிஎஸ் 4 வருஷப் படிப்பு, அதுக்கு மேல 1 வருஷம் இன்டர்ன்ஷிப். முதல் வருஷத்துல அனாட்டமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரின்னு நாங்க படிக்கிறதேதான். கூடவே ஒரு மெழுகுக் கட்டியைக் கையில கொடுத்து பல் செதுக்கச் சொல்லிடுவாங்க. மேல் முதல் கடைவாய்ப் பல்லுக்கு நாலு மேடு, எது உயரம், எந்தப் பக்கம் சரிவு, எல்லாம் கத்தி முனையில வரணும். மில்லிமீட்டர் பிசகினா "ரிப்பீட்".

ரெண்டாவது வருஷம் பொம்மைத் தலை. அதோட வாய்ல பொம்மைப் பல்லை மாட்டி, சொத்தை அடைக்கப் பழகணும். பிளாஸ்டர் குழைச்சு, மெழுகு உருக்கி, அக்ரிலிக்ல பல் செட் செய்யணும். வேர் சிகிச்சை பழகறதுக்கு நிஜப் பல் வேணுமே, அதுக்காகப் பிடுங்கிப் போட்ட பற்களை கிளினிக் கிளினிக்கா போய் பாட்டில்ல கேட்டு வாங்கிட்டு வர்ற பசங்களைப் பாத்திருக்கேன். ஹாஸ்டல் ரூம்ல அந்த பாட்டிலைப் பாத்து சொந்தக்காரங்க பயந்து போன கதையும் உண்டு!

மூணாவது வருஷத்துல நிஜ நோயாளியோட வாய். ஊசி போட்டு மரத்துப்போக வச்சு பல் எடுக்கணும். இதை எம்பிபிஎஸ்ஸோட ஒப்பிட்டுப் பாருங்க. நாங்க மாணவரா இருந்தப்போ பெரும்பாலும் பாத்துக் கத்துக்கிட்டவங்க. கையில பொறுப்பா வேலை கொடுத்தது இன்டர்ன்ஷிப்லதான். பல் மாணவர் படிக்கும்போதே செஞ்சாகணும். அதுவும் எச்சில் ஊறிக்கிட்டே, நாக்கு குறுக்க வந்துகிட்டே இருக்கிற ஒரு சின்ன இருட்டு இடத்துல, சின்னக் கண்ணாடியில பிம்பத்தைப் பாத்துக்கிட்டு. நோயாளி முழிச்சுக்கிட்டு நம்ம முகத்தையே பாத்துட்டு இருப்பார்.

அதனாலதான் சொல்றேன், இது கையால செய்யற படிப்பு. புத்தகத்தை மனப்பாடம் பண்ணி பாஸ் ஆகலாம், கை வராது. நோயாளி வந்தாதான் கை வரும்.

கல்லூரி தேர்வு பண்றப்போ நம்ம ஆட்கள் கட்டடத்தைப் பாக்குறாங்க, ஏசி ஹால் பாக்குறாங்க, பஸ் வசதி கேக்குறாங்க. ஓபியில எத்தனை பேர் உக்காந்திருக்காங்கன்னு யாரும் எண்ணுறதில்ல. இத்தனை பல் எடுக்கணும், இத்தனை பல் செட் கட்டணும், இத்தனை வேர் சிகிச்சைன்னு ஒவ்வொரு மாணவருக்கும் கோட்டா இருக்கு. ஓபி காத்தாடுற கல்லூரியில அந்தக் கோட்டா எப்படி முடியும்? ஊர்லேருந்து பாட்டியைக் கூட்டிட்டு வருவாங்க. பக்கத்து வீட்டுக்காரருக்கு பஸ் செலவு கொடுத்துக் கூட்டிட்டு வருவாங்க. கோட்டா எப்படியோ முடிஞ்சிடும். கை?

இது உங்க வீட்டுப் பிள்ளையோட பிரச்சனை மட்டும் இல்ல. பாக்கு, ஹான்ஸ் போடுறவருக்குக் காரம் சாப்பிட்டா வாய் எரியும், கன்னத்தோட உள்பக்கம் வெளுத்து இறுகும், வாய் திறக்கிற அளவு கொஞ்சம் கொஞ்சமா குறையும். புற்றுநோயா மாற வாய்ப்புள்ள நிலை இது. அவர் இதுக்காக எங்ககிட்ட வர மாட்டார். வேற ஏதோ பல் வலிக்காகப் பல் டாக்டரோட நாற்காலியில உக்காருவார். அந்த டாக்டர் படிக்கிறப்போ இப்படி ஐம்பது வாயைப் பாத்தவரா இருந்தா, கண்ணாடியை உள்ள விட்டதும் புரிஞ்சுக்குவார். பாக்காதவரா இருந்தா வலிக்கிற பல்லை மட்டும் எடுத்து அனுப்பிடுவார்.

அதே மாதிரி, கீழ்க் கடைவாய்ப் பல் சீழ் தாடைக்கு அடியில பரவி, நாக்கு மேல தூக்கி, மூச்சே அடைக்கிற நிலையில ராத்திரி கேஷுவாலிட்டிக்கு வர்றவங்க இருக்காங்க. "பல் வலிதானே"ன்னு ஒரு வாரம் மாத்திரை போட்டவங்க. டூ வீலர்ல விழுந்து தாடை உடைஞ்சு வர்றவங்களைக் கேக்கவே வேணாம். அந்த நேரத்துல நாங்க போன் போட்டு எழுப்புறது முகத்தாடை அறுவை சிகிச்சை நிபுணரை. அவர் பிடிஎஸ் படிச்சு, மேல எம்டிஎஸ் முடிச்சவர்.

இப்போ கசப்பான விஷயம். பிடிஎஸ் முடிச்ச உடனே சம்பளம் குறைவுதான். எம்பிபிஎஸ் முடிச்சவருக்குக் கிடைக்கிற அளவு டியூட்டி டாக்டர் வேலை இவங்களுக்குக் கிடையாது. அரசுப் பணியிடம் கொஞ்சம்தான், எம்டிஎஸ்ஸுக்கும் போட்டி. சொந்த கிளினிக்னா நாற்காலி, கம்ப்ரஸர், எக்ஸ்ரே, ஆட்டோகிளேவ்னு கடன்லதான் ஆரம்பிக்கணும். நகரத்துல தெருவுக்கு ரெண்டு கிளினிக் ஏற்கனவே இருக்கு.

அதனால நிலத்தை வித்து மேனேஜ்மென்ட் கோட்டாவுல பிடிஎஸ் சேக்காதீங்க. இது என் கருத்து, கோபப்படுறவங்க கோபப்படலாம்.

அரசுக் கல்லூரி கிடைச்சா கதையே வேற. சென்னையில 1953லேருந்து இருக்கிற அரசு பல் மருத்துவக் கல்லூரி, சிதம்பரத்துல கடலூர் மாவட்ட அரசுக் கல்லூரி, 2023ல திறந்த புதுக்கோட்டை. பிள்ளைக்குக் கைவேலையில ஆர்வம் இருந்தா தயங்காம எடுங்க. அரசுப் பள்ளியில படிச்ச பிள்ளைகளுக்கான 7.5% ஒதுக்கீடு பிடிஎஸ்ஸுக்கும் உண்டு. அதுல தனியார் கல்லூரி கிடைச்சாலும் கல்விக் கட்டணத்தை அரசே கட்டுது. அப்படி வர்றவங்க பணத்தைப் பத்தி யோசிக்காம ஓபியைப் பத்தி யோசிச்சு கல்லூரியைத் தேர்ந்தெடுக்கலாம்.

எம்பிபிஎஸ்தான் வேணும்னு பிள்ளை பிடிவாதமா இருந்தா, பிடிஎஸ்ல சேத்துவிட்டு நடுவுல வெளிய இழுக்காதீங்க. ரிப்பீட் பண்ணட்டும். கெடு தேதிக்கு அப்புறம் விலகினா அபராதம் இருக்கு, ப்ராஸ்பெக்டஸ்ல படிங்க. அந்த சீட்டும் யாருக்கும் இல்லாம வீணாப் போகும்.

சாய்ஸ் லாக் பண்றதுக்கு முன்னாடி, நினைச்சிருக்கிற கல்லூரிக்கு ஒரு வேலை நாள் காலை பத்து மணிக்குப் போங்க. அட்மிஷன் ஆபீஸுக்குப் போகாதீங்க. ஓபி சீட்டு வாங்கிட்டு நோயாளிங்க வரிசையில உக்காருங்க. எத்தனை நாற்காலியில நிஜமாவே வேலை நடக்குதுன்னு எண்ணுங்க. மாணவர் பக்கத்துல வாத்தியார் நிக்கிறாரான்னு பாருங்க. ஃபைனல் இயர் பையன் யாராவது மாட்டினா, "பேஷண்ட்டை நீங்களே கூட்டிட்டு வரணுமாப்பா?"ன்னு மெதுவா கேளுங்க. உங்க முறை வந்ததும் மாணவர்கிட்டயே பல் க்ளீனிங் பண்ணிக்கிட்டு வாங்க. பெத்தவங்கள்ல பாதிப் பேருக்கு எப்படியும் அது தேவைதான்.