மலைப்பாதையில் வாடகைக் கார்

மலேசியாவின் போர்ட் கிள்ளான் போன்ற சமதள நகரங்களில் வண்டி ஓட்டிப் பழகியோர், தாமே ஓட்டும் வாடகைக் காரை எடுத்துக்கொண்டு, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரமுள்ள கெந்திங் மலைக்குச் செல்வது இன்று இயல்பாகிவிட்டது. ஏற்றத்தில் எஞ்சின் திணறும், அவ்வளவே, உயிராபத்து இறக்கத்தில்தான். தொடர்ந்து மிதிக்கப்படும் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும் என்பதால், தாழ்ந்த கியரில், எஞ்சினின் இழுவையே வேகத்தைக் கட்டுப்படுத்துமாறு இறங்க வேண்டும். தானியங்கி கியர் காரில் 'டி' நிலையை மாற்றாமலே இறங்குவோர் இதை உணர்வதில்லை. 2013 ஆகஸ்ட் 21-இல் இம்மலையிலிருந்து இறங்கிய பேருந்து பள்ளத்தில் விழுந்து 37 பேர் மாண்ட துயரம் மறக்கத்தக்கதன்று.

தமிழ்நாட்டின் நீலகிரியிலோ, 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டிச் சாலையில், 2018-இல் சென்னையிலிருந்து வந்த கார் உருண்டு ஐவர் இறந்தபின், வெளியூர் வண்டிகள் உதகையிலிருந்து அவ்வழியே இறங்கத் தடை விதிக்கப்பட்டது. அகலமான கெந்திங் சாலைக்கு அத்தகைய தடை வேண்டியதில்லை. சிறிய கார்களும் அதில் பாதுகாப்பாகச் செல்லலாம். ஆனால் வாடகைக்கு விடுவோர் பிரேக்கையும் டயரையும் சோதிக்காமல், தாழ்ந்த கியரைக் காட்டித் தராமல் சாவியை நீட்டுவது பெருந்தவறு. ஆகவே, இச்சோதனையையும் விளக்கத்தையும் வாடகைக் கார் உரிமத்தின் நிபந்தனையாகப் போக்குவரத்து அமைச்சு உடனே சேர்க்க வேண்டும்.