கந்தப்பளையில் நின்றுபோன கோச்சியும் அதிவேக ரயில் கணக்கும்

புலம்பெயர்ந்து வாழும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்கு அதிவேக ரயில் ஒன்றை அரசாங்கமே அமைத்தால் என்ன, உல்லாசப் பயணிகள் குவிவார்களே, போட்ட பணம் சில ஆண்டுகளில் திரும்பிவிடாதா என்பது அவர் கேள்வி. அரை நூற்றாண்டுக் காலம் பத்திரிகையில் வரவுசெலவுத் திட்டங்களைப் பற்றி எழுதிய எனக்கு இக்கேள்வி புதிதன்று. ஆயினும் பதில் எழுத அமர்ந்தபோது நினைவுக்கு வந்தது ஜப்பானன்று, கந்தப்பளை.

இன்றைய இளைஞர்கள் பலர் நம்பமாட்டார்கள். கந்தப்பளைக்கு ஒரு காலத்தில் கோச்சி வந்தது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை ஏறத்தாழ 30 கிலோமீற்றர் நீளத்துக்கு இரண்டரை அடி அகலக் குறும்பாதை ஒன்று இருந்தது. 1903இல் நுவரெலியாவையும், மறு ஆண்டில் இராகலையையும் எட்டிய பாதை அது. இன்று நாட்டின் மிக உயரமான நிலையம் என்று பட்டிப்பொலவைச் சொல்கிறோம். அக்காலத்தில் கந்தப்பளை அதனினும் உயரத்தில் இருந்தது. 1940களில் அப்பாதை மூடப்பட்டது. கோச்சியின் ஊதலைக் கேட்டுத்தான் பிரட்டுக்கு நேரம் கணித்தோம் என்று என் தாத்தா சொல்லுவார்.

ஏன் மூடினார்கள்? வீதியில் லொறி வந்துவிட்டது, பாதை நட்டத்தில் ஓடியது என்பதே பதில். இங்கேதான் என் முதல் கேள்வி. லொறி ஓடிய வீதியை அமைத்தவர் யார்? அரசாங்கம்தான். வீதிக்குச் செலவிட்ட பணத்துக்கு எவரும் இலாப நட்டக் கணக்குக் கேட்பதில்லை. தண்டவாளத்துக்கு மட்டும் ஆண்டுதோறும் கணக்குக் கேட்கிறார்கள். ஒரே மலையில் ஒரே தேயிலைப் பெட்டிக்காக இரண்டு வழிகள். ஒன்றுக்குச் செய்வது முதலீடாம், மற்றதற்குச் செய்வது மானியமாம். இப்பாகுபாடு இன்றும் ஒழியவில்லை.

மலையக ரயிலின் வரலாறு இன்னொரு பாடமும் சொல்கிறது. 1867இல் கண்டியை அடைந்த பாதை கோப்பிக்காகப் போடப்பட்டது. 1869இல் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்தது. ஆனால் பாதை வீணாகவில்லை; தேயிலை அதைப் பயன்படுத்திக்கொண்டது. 1885இல் நானுஓயா, 1924இல் பதுளை என்று அது மேலேறியது. பொதுப்பணத்தில் எழும் பாதையின் பயனை முதற்கணக்கு முழுதாகக் காட்டுவதில்லை.

அப்படியானால் அதிவேக ரயிலும் வேண்டும் என்பீரா என்று வாசகர் கேட்கலாம். இல்லை என்பதே என் பதில். அதிவேகப் பாதையில் செலவின் பெரும்பகுதி முதல் நாளிலேயே முடிந்துவிடுகிறது. அதன்பின் வண்டியில் நூறு பேர் ஏறினாலும் ஆயிரம் பேர் ஏறினாலும் கடன் ஒன்றுதான். ஆகவே, பெருங்கூட்டம் வாழும் இரு நகரங்கள் சில நூறு கிலோமீற்றர் இடைவெளியில் இருந்தால் மட்டுமே கணக்குச் சரிவரும். 1964இல் தொடங்கிய டோக்கியோ – ஒசாக்கா பாதையும், 1981இல் தொடங்கிய பாரிஸ் – லியோன் பாதையும் அத்தகையவை. அந்த ஜப்பானிலேயே தேசிய ரயில்வே பெருங்கடனில் மூழ்கி 1987இல் பிரிக்கப்பட்டது. பிரித்தானியாவில் செலவு ஏறிக்கொண்டே போனதால் அதிவேகப் பாதையின் வடபகுதி 2023இல் கைவிடப்பட்டது.

அயலில் மும்பை – அகமதாபாத் பாதையைப் பாருங்கள். 508 கிலோமீற்றருக்குத் தொடக்க மதிப்பீடு 1,08,000 கோடி இந்திய ரூபா. பின்னர் அதுவும் பெரிதும் உயர்ந்தது. ஜப்பான் 0.1 வீத வட்டியில் 50 ஆண்டுக் கடன் தந்தது. இலவசம் போலத் தோன்றும். ஆனால் கடன் யென்னில்; பயணச்சீட்டு ரூபாவில். நாணயம் சரிந்தால் வட்டி குறைவென்பது ஆறுதல் ஆகாது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென்று அறிவித்த நாட்டுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜப்பானியக் கடனில் திட்டமிட்ட கொழும்பு இலகு ரயிலை 2020இல் இடைநிறுத்தியதையும் கண்டோம். தொடங்குவதும் நிறுத்துவதும் அரசியல்வாதிகள், செலுத்துவது நாம்.

இவற்றினும் முக்கியமான ஒன்று உண்டு. இத்தகைய திட்டங்களின் நன்மையை அளக்கும்போது மிச்சமாகும் நேரத்தைப் பணமாக மாற்றுகிறார்கள். அந்த மதிப்பு பெரும்பாலும் பயணியின் வருமானத்தைத் தழுவியது. முகாமையாளரின் ஒரு மணி நேரம் ஆயிரக்கணக்கில் எழும். 2024இல் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்சம்பளத்தை எட்டு மணிக்குப் பிரித்தால் கொழுந்து பறிக்கும் பெண்ணின் ஒரு மணி நேரம் 170 ரூபாவையும் தொடவில்லை. இக்கணக்கின்படி அவளுக்காக எந்தப் பாதையும் ஒருநாளும் ‘இலாபகரம்’ ஆகாது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போக அவள் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் காலை நேரம் ஏட்டில் ஏறுவதேயில்லை. பிரித்தானியாவில் வேலைசாராப் பயணங்களுக்கு எல்லாருடைய நேரத்துக்கும் ஒரே மதிப்பிடும் வழக்கம் உண்டு. அதையாவது இங்கே பின்பற்றலாகாதா?

என்னைக் கேட்டால், பொதுப்பணம் ரயிலுக்குப் போகவேண்டும், வேகத்துக்கு அன்று. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் மலையகப் பாதையைப் பல இடங்களில் அறுத்தெறிந்தது. மண்சரிவைத் தாங்கும் வடிகால், உறுதியான பாலம், நேரம் தவறாத வண்டி, கந்தப்பளையின் லீக்ஸும் கரட்டும் கெடாமல் இறங்கச் சரக்குப் பெட்டி, நானுஓயாவில் வண்டியோடு பொருந்தும் தோட்டப்புற பஸ் ஆகியவற்றுக்கு ஆகும் செலவு அதிவேகப் பாதையின் சில கிலோமீற்றருக்கும் ஈடாகாது என்பது என் எண்ணம்.

கந்தப்பளைக்கு அருகே பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்று உல்லாச ஹோட்டலாகியிருக்கிறது. அங்கே குறும்பாதைப் பெட்டியொன்று உணவகமாக நிற்கிறது. அதில் அமர்ந்து உண்பவர் எவரும் தோட்டத்து லயங்களிலிருந்து வந்தவராக இருக்கமாட்டார். அதிவேக ரயில் வந்தாலும் அதன் பெட்டிகளில் அவர்களே அமர்ந்திருப்பார்கள். நண்பருக்கு நான் எழுதிய பதில் இவ்வளவுதான்.